டேப் விசை எங்கே போகிறது?

மவுஸைத் தள்ளி வையுங்கள். கணினியில் தமிழ் விக்கிப்பீடியாவின் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, வேறெதையும் தொடாமல் டேப் விசையை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். பக்கத்தின் மேல் மூலையில் அதுவரை இல்லாத ஓர் இணைப்பு திடீரென்று முளைக்கும். நேராக உள்ளடக்கத்துக்குப் போக வேண்டுமா என்று கேட்கிற இணைப்பு அது. என்டர் தட்டினால் மெனு, தேடல் பெட்டி, கணக்கு விவரம் எல்லாவற்றையும் தாண்டிக் கட்டுரையின் தொடக்கத்தில் இறங்கிவிடுவீர்கள். வேண்டாம் என்று மறுபடி டேப் தட்டினால் வந்த சுவடே தெரியாமல் மறைந்துவிடும். பல வருடங்களாக அந்தத் தளத்தை மவுஸை வைத்தே படித்து வருபவர்கள் இதை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்குத் தாண்டல் இணைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். எதற்காக இது? ஒரு செய்தித்தளத்தின் தலையில் 60 இணைப்புகள் இருக்கின்றன என்று வையுங்கள். டேப் விசை ஒவ்வொன்றிலும் நின்று நின்றுதான் போகும். ஒன்றுக்கு அரை நொடி என்றாலும் செய்தியைத் தொட 30 நொடி ஆகும். ஒரு நாளில் 20 செய்தி படித்தால் 1,200 தட்டல். 10 நிமிடம் மெனுவைக் கடப்பதிலேயே போய்விடும். அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பிரிவு 508 விதிகள், பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும் இணைப்புகளைத் தாண்ட ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்றன. நம் நாட்டு அரசுத் தளங்கள் பலவற்றின் உச்சியிலும், எழுத்தைப் பெரிதாக்கும் சிறிதாக்கும் குறிகளுக்குப் பக்கத்தில், இதே இணைப்பு நிற்பதைக் காணலாம்.

அதை ஒளித்து வைக்கும் விதத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு பொருளைக் காட்டவே வேண்டாம் என்று உலாவியிடம், அதாவது பிரவுசரிடம், சொல்லிவிட்டால் டேப் விசையும் அதை மறந்துவிடும், அதில் நிற்காது. ஆகவே தாண்டல் இணைப்பை அப்படி மறைப்பதில்லை. திரைக்கு வெளியே தள்ளி வைக்கிறார்கள், அல்லது ஒரு புள்ளி அளவுக்குச் சுருக்கி வைக்கிறார்கள். கண்ணுக்கு இல்லை, விசைக்கு உண்டு. டேப் வந்து தொட்டதும் முழு அளவில் திரைக்குள் வந்து நிற்கிறது.

மவுஸ் இல்லாமல் இணையத்தில் உலாவுகிறவர்கள் யார்? பார்வையற்றவர்கள் என்று உடனே தோன்றும். சரிதான்; மவுஸின் அம்புக்குறியைக் காண முடியாதவருக்கு மவுஸால் என்ன பயன்? அவர்களோடு, கை நடுங்குகிறவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள், வாயில் குச்சியைக் கவ்வி விசைகளைத் தட்டுகிறவர்கள், நாளெல்லாம் படிவம் நிரப்பும் அலுவலகக்காரர்கள், டச்பேட் கெட்டுப்போன மடிக்கணினிக்காரர்கள் என்று பட்டியல் நீளும். இதில் ஒரு விந்தை உண்டு. தலையைச் சாய்த்து இயக்கும் ஒற்றைப் பொத்தான், குழாயில் மூச்சை இழுத்தும் ஊதியும் இயக்கும் கருவி போன்ற உதவிக் கருவிகள் பலவும் கணினியிடம் தம்மை விசைப்பலகை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஓர் ஊதலுக்கு ஒரு டேப், ஓர் இழுப்புக்கு ஒரு என்டர். டேப், என்டர் என்ற இரண்டு விசைகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் பக்கம், அதை எழுதியவர் கண்ணால்கூடப் பார்த்திராத கருவிகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

டேப் விசை கணினியைவிட வயதில் மூத்தது. தட்டச்சுப் பொறியில் கணக்குப் பட்டியல் அடிப்பவர்களுக்காக வந்தது அது. ஒரு தட்டுத் தட்டினால், காகிதத்தைத் தாங்கிய வண்டி அடுத்த பத்தி தொடங்கும் இடத்துக்கு ஓடி நிற்கும். 1971இல் ஐபிஎம் கொண்டுவந்த 3270 முனையங்களில், இதே விசை திரைப் படிவத்தின் அடுத்த காலிப் பெட்டிக்குத் தாவியது. 1987இல் அதே நிறுவனம் தன் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விசைப் பழக்கங்களைத் தொகுத்து வெளியிட்டது. உதவி கேட்க எஃப்1 விசை என்பது போன்ற, இன்று நாம் யோசிக்காமலே செய்யும் பல பழக்கங்கள் அந்தத் தொகுப்பு வழியாகப் பரவியவை. இணையம் பிறந்தபோது இவையெல்லாம் பழகிப் போயிருந்தன.

சரி, தட்டியதும் என்ன நடக்கிறது? ஒரு பக்கத்தில் ஆயிரம் இணைப்பும் பொத்தானும் இருக்கலாம். ஆனால் எந்த நேரத்திலும் ஒன்றே ஒன்றுதான் விசைப்பலகையின் பேச்சைக் கேட்கும். அந்த நிலைக்கு ஃபோகஸ் என்று பெயர். தமிழில் குவியம் எனலாம். டேப் தட்டினால் குவியம் அடுத்த பொருளுக்குப் போகிறது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் பின்னால் வருகிறது.

அடுத்த பொருள் எது என்று உலாவி எப்படித் தீர்மானிக்கிறது? திரையைப் பார்த்து அல்ல என்பதுதான் முதல் ஆச்சரியம். பக்கத்தின் மூல நிரலில் எது எதற்கு அடுத்து எழுதப்பட்டிருக்கிறதோ அந்த வரிசையில் நடக்கிறது. நிரலில் முதலில் இருப்பதை ஒப்பனைக் கட்டளைகளால் திரையின் கடைசிக்கு நகர்த்திவிடலாம். டேப் அதைக் கண்டுகொள்ளாது. ஒரு படிவத்தின் கீழே இடப்பக்கம் ‘ரத்து’, வலப்பக்கம் ‘அனுப்பு’ என்று இரு பொத்தான்கள். நிரலில் ‘அனுப்பு’ முன்னால் இருந்து, அழகுக்காக இடம் மாற்றப்பட்டிருந்தால் குவியம் முதலில் வலப்பக்கம் குதித்து, பிறகு இடப்பக்கம் திரும்பும். மவுஸ்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. திரையைப் பெரிதாக்கி ஒரு மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற மங்கல் பார்வைக்காரருக்குக் குவியம் காணாமலே போய்விடும்.

வரிசையை மாற்ற ஒரு வழி 1997இலேயே வந்துவிட்டது. அந்த டிசம்பரில் வெளியான இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் 4.0 தரநிலை, பொருள்களுக்கு டேப்இண்டெக்ஸ் என்ற வரிசை எண் கொடுக்க அனுமதித்தது. 0 முதல் 32,767 வரை எது வேண்டுமானாலும் தரலாம். 1, 2, 3 என்று எண் பெற்றவை முதலில். 0 பெற்றவையும் எண்ணே இல்லாதவையும் பிறகு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தின் அடியில் இருக்கும் ஒரு பெட்டிக்கு யாரோ 1 என்று எண் கொடுத்துவிட்டால், டேப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அங்கே பாயும். இன்று அனுபவமுள்ள நிரலாளர்கள் 0க்கு மேற்பட்ட எண்ணைத் தொடுவதே இல்லை. தரநிலையில் 32,768 எண்கள் இருந்தும் புழக்கத்தில் நிற்பது 0 ஒன்றுதான். அதோடு, அந்தத் தரநிலையில் இடம்பெறாத -1 ஒன்றும் சேர்ந்துகொண்டது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எண் அது. ‘டேப் வந்தால் நிற்க வேண்டாம், ஆனால் நிரல் அனுப்பினால் குவியத்தை ஏற்றுக்கொள்’ என்று பொருள். இந்த -1 செய்யும் வித்தையைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

போகிற போக்கில் ஒன்று. ஒரு நீண்ட பக்கத்தின் நடுவில், வெறும் பத்தி ஒன்றின் மேல் மவுஸால் சொடுக்கிவிட்டு டேப் தட்டிப் பாருங்கள். உச்சியிலிருந்து தொடங்காமல், நீங்கள் சொடுக்கிய இடத்துக்கு அடுத்த இணைப்பில் போய் நிற்கும். பத்திக்குக் குவியம் ஏற்கும் தகுதி கிடையாது. இருந்தாலும் அடுத்த நடை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று உலாவி தனியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. மேக் கணினியில் சஃபாரி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அதன் இயல்பு அமைப்பில் டேப் விசை இணைப்புகளில் நிற்காது, அமைப்புகளில் போய் இயக்க வேண்டும். இது தெரியாமல் தங்கள் தளம் பழுதாகிவிட்டது என்று மண்டையை உடைத்துக்கொண்ட நிரலாளர்கள் ஏராளம்.

இப்போது ஒரே ஒரு பொத்தானைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். குவியம் ‘அனுப்பு’ பொத்தானில் இருக்கிறது. என்டரை அழுத்தினால் விசை கீழே போன கணமே வேலை நடந்துவிடும். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் நடக்காது. பொத்தான் உள்ளே அமுங்கியதாகக் காட்டிக்கொண்டு காத்திருக்கும். விரலை எடுக்கும்போதுதான் வேலை நடக்கும். ஏன் இந்த வித்தியாசம்? ஸ்பேஸை அழுத்திய பிறகு மனம் மாறிவிட்டதா? விரலை எடுக்காமல் டேப்பைத் தட்டுங்கள். குவியம் நகர்ந்துவிடும், பிறகு விரலை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. மவுஸால் பொத்தானை அமுக்கிவிட்டு, விடாமல் வெளியே இழுத்துத் தப்பிக்கிறோமே, அதே சலுகை விசைப்பலகைக்கும் உண்டு. இணைப்புக்கு வேறு இலக்கணம்: அதற்கு என்டர் மட்டும்தான். இணைப்பின் மேல் ஸ்பேஸ் தட்டினால் பக்கம் ஒரு திரை அளவு கீழே நகரும்.

எச்டிஎம்எல்லில் பொத்தானுக்கென்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. அதை எழுதினால் இத்தனையும் இலவசம். ஆனால் பலர் வெறும் கட்டம் ஒன்றை வரைந்து, வண்ணம் பூசி, மவுஸ் சொடுக்குக்கு மட்டும் வேலை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்வைக்கு அது பொத்தான்தான். டேப்புக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அந்தக் கட்டத்தை உண்மையான பொத்தானாக நடிக்க வைக்க என்னென்ன வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். டேப் நிற்க 0 எண் தர வேண்டும். என்டர் கீழே போகும்போதும், ஸ்பேஸ் மேலே வரும்போதும் காது கொடுக்க வேண்டும். ஸ்பேஸ் தட்டினால் பக்கம் நகர்ந்துவிடாமல் தடுக்க வேண்டும். நடுவில் குவியம் போய்விட்டால் ரத்து செய்ய வேண்டும். செயலிழந்த நிலையில் இதையெல்லாம் நிறுத்த வேண்டும். ஒரே ஒரு சொல் எழுதச் சோம்பல்பட்டதற்கு 30, 40 வரி நிரல் தண்டம். அப்போதும் ஏதாவது ஒன்று விட்டுப் போயிருக்கும்.

விட்டுப் போவதில் முக்கியமானது, ‘இது பொத்தான்’ என்ற அறிவிப்பு. நாம் பார்க்கும் பக்கத்துக்குப் பின்னால் உலாவி இன்னொரு பக்கத்தையும் ரகசியமாகக் கட்டுகிறது. வண்ணம், எழுத்துரு எதுவும் இல்லாத அதற்கு அணுகல் மரம் என்று பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு சீட்டு: என்ன பெயர், என்ன வேலை, இப்போது என்ன நிலை. திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் இந்த மரத்தைத்தான் படிக்கின்றன. உண்மையான பொத்தானில் நின்றால் ‘அனுப்பு, பட்டன்’ என்று குரல் வரும். நடிக்கும் கட்டத்தில் ‘அனுப்பு’ என்று மட்டும் வரும். அது சொடுக்கக்கூடியதா, வெறும் எழுத்தா என்று கேட்பவருக்குத் தெரியாது. இந்தச் சீட்டுகளைக் கையால் எழுதித் தருவதற்கென்றே அரியா என்ற தரநிலை 2014இல் முழு வடிவம் பெற்றது. அதை வகுத்தவர்களே சொல்லும் முதல் விதி சுவையானது: எச்டிஎம்எல்லில் உள்ள பொருளே போதுமென்றால் அரியாவைப் பயன்படுத்தாதீர்கள்!

எச்டிஎம்எல்லில் இல்லாத பொருளுக்கு அரியா தேவைதான். தாவல்கள் அப்படிப்பட்டவை. வானிலைப் பக்கத்தில் ‘இன்று’, ‘நாளை’, ‘10 நாள்’ என்று மேலே வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் கீழே அதற்குரிய பலகம் திறக்கும். இந்தத் தாவல்கள் பன்னிரண்டு இருந்தால் டேப் பன்னிரண்டிலும் நிற்க வேண்டுமா? நிற்கக் கூடாது என்று ஒரு மரபு இருக்கிறது. டேப் விசையைப் பாயிண்ட் டு பாயிண்ட் பேருந்தாகவும் அம்புக்குறி விசைகளை டவுன் பஸ்ஸாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். டேப் அந்தத் தாவல் கூட்டத்துக்கு ஒரே நிறுத்தத்தில் இறக்கிவிடும். ஊருக்குள் சுற்ற இட வல அம்புகள். முதல் தாவலுக்குப் போக ஹோம், கடைசிக்குப் போக எண்ட். சுற்றி முடித்து மறுபடி டேப் தட்டினால், மற்ற தாவல்களில் நிற்காமல் கீழே உள்ள பலகத்துக்குப் போய்விடலாம்.

இங்கேதான் -1 வருகிறது. ‘இன்று’ தாவலுக்கு 0, மற்ற இரண்டுக்கும் -1. ஆகவே டேப்புக்குத் தெரிவது ‘இன்று’ மட்டும். வல அம்பைத் தட்டினால் நிரல் மூன்று காரியம் செய்கிறது: ‘இன்று’ தாவலின் 0ஐ -1 ஆக்குகிறது, ‘நாளை’ தாவலின் -1ஐ 0 ஆக்குகிறது, குவியத்தை அங்கே அனுப்புகிறது. அம்பு ஒவ்வொரு தடவை தட்டப்படும்போதும் அந்த ஒற்றை 0 தாவலுக்குத் தாவல் நகர்ந்துகொண்டே இருக்கும். இதில் இலவச லாபம் ஒன்றும் உண்டு. நீங்கள் ‘நாளை’ தாவலில் இருந்து கீழே போய்ப் படித்துவிட்டு ஷிஃப்ட் டேப்பில் திரும்பினால், சரியாக ‘நாளை’க்கே வந்து சேர்வீர்கள். கடைசியாக நின்ற இடத்தை நினைவில் வைக்கத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை; அந்த 0 இருக்கும் இடமே நினைவு.

அம்பை நகர்த்தியதுமே பலகமும் மாற வேண்டுமா, என்டர் தட்டும் வரை காத்திருக்க வேண்டுமா? பலகத்தின் தகவல் ஏற்கெனவே கையில் இருந்தால் உடனே மாற்றலாம். ஒவ்வொரு பலகத்தையும் தொலைவில் உள்ள சர்வரிலிருந்து எடுத்து வர வேண்டுமென்றால், ஐந்தாவது தாவலுக்குப் போக நினைப்பவர் நடுவில் உள்ள மூன்றுக்கும் காத்துக் கிடக்க நேரும். அப்போது என்டருக்கு விடுவதுதான் நியாயம். என்னைக் கேட்டால் மெதுவான இணைப்பு உள்ள ஊர்களை நினைத்து இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

இதற்குள் ஒரு சச்சரவும் ஒளிந்திருக்கிறது. என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களுக்கு அம்புக்குறிகள் வேறு வேலைக்கு வேண்டும்: கீழ் அம்பு தட்டினால் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். எழுத்து விசைகளும் அவற்றின் கையில்தான். எச் தட்டினால் அடுத்த தலைப்பு, பி தட்டினால் அடுத்த பொத்தான். அப்படியானால் தாவலில் வல அம்பைத் தட்டும்போது அது யாருக்குச் சேர வேண்டும்? அணுகல் மரம்தான் தீர்ப்புச் சொல்கிறது. ‘இது தாவல்’ என்ற சீட்டைக் கண்டதும் திரைவாசிப்பான் தன் பிடியைத் தளர்த்தி விசைகளைப் பக்கத்துக்கே விட்டுக்கொடுக்கிறது. முறை மாறியதைத் தெரிவிக்க என்விடிஏ ஒரு சின்ன ஒலியும் எழுப்பும். சீட்டில் தவறான வேலையை எழுதிவிட்டால் இந்த ஒப்பந்தம் முறிந்து, அம்புகள் எங்கும் போய்ச் சேராது. ஒப்புக்கு ஒட்டிய தாவல் சீட்டு, சீட்டே இல்லாததைவிட மோசம்.

கண்ணால் பார்ப்பவருக்கோ குவியம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் பொத்தானைச் சுற்றி உலாவி ஒரு கோடு போடுகிறது. இந்தக் கோட்டுக்கு ஒரு சோகக் கதை உண்டு. பக்கத்தின் ஒப்பனைக்கான சிஎஸ்எஸ் மொழியில் புகழ்பெற்ற நிபுணர் எரிக் மேயர், உலாவிக்கு உலாவி மாறுபடும் ஒப்பனைகளைத் துடைத்துச் சமனாக்கும் கட்டளைத் தொகுப்பு ஒன்றை 2007இல் வெளியிட்டார். குவியக் கோட்டை நீக்கும் வரியும் அதில் இருந்தது. உங்கள் பாணியில் ஒரு கோட்டைப் போட மறக்காதீர்கள் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருந்தார். உலகம் முழுக்க அந்தத் தொகுப்பைப் படியெடுத்தார்கள். நீக்கும் வரி வேலை செய்தது. குறிப்பை யார் படித்தார்கள்? எண்ணற்ற தளங்களில் கோடு போனது போனதுதான். 2011இல் வந்த புதிய பதிப்பில் அந்த வரியையே அவர் எடுத்துவிட்டார்.

வடிவமைப்பாளர்களின் குறை என்னவென்றால், மவுஸால் சொடுக்கினாலும் கோடு வந்து ஒட்டிக்கொள்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்பது. தீர்வாக வந்தது உலாவியின் ஊகம். கடைசியாக நீங்கள் தொட்டது மவுஸா, விசைப்பலகையா என்று உலாவி கவனித்துக்கொண்டே இருக்கிறது. பொத்தானுக்கு மவுஸ் வழியாக வந்தால் கோடு இல்லை, டேப் வழியாக வந்தால் உண்டு. தட்டச்சு செய்யும் பெட்டிக்கோ எப்படி வந்தாலும் உண்டு, ஏனென்றால் அடுத்து அங்கே விசைப்பலகைதான் பேசப்போகிறது. 2020இல் குரோமும் 2021இல் ஃபயர்ஃபாக்ஸும் 2022இல் சஃபாரியும் இந்த வசதியை ஏற்றுக்கொண்டன. கோடு இருந்தும் தெரியாமல் போகிற விபத்தும் உண்டு: திரையின் மேலே ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் பட்டைகளுக்கு அடியில் குவியம் போய் மாட்டிக்கொள்ளும். இணைய அணுகல் நெறிமுறைகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானபோது, குவியம் பெற்ற பொருள் முழுவதுமாக மறைந்துபோகக் கூடாது என்று ஒரு புதிய விதியே சேர்த்தது.

இனி, எழும்பி வரும் சாளரங்கள். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வருகிறது. மவுஸ்காரரால் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. ஆனால் டேப்புக்குப் பின்னால் முன்னால் என்ற பேதம் கிடையாது. பெட்டிக்கு அடியில் புகுந்து மறைந்த இணைப்புகளில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் குவியத்தைப் பெட்டிக்குள்ளேயே சுழல விடவேண்டும். அதே சமயம் வெளியேறும் வழி இல்லாமல் சிறை வைக்கவும் கூடாது. அந்தக் காலத்து ஃபிளாஷ் படங்கள் சிலவற்றுக்குள் டேப் போய்விட்டால் திரும்பவே வராது; பக்கத்தை மூடுவதுதான் கதி. விசைப்பலகைப் பொறி வைக்காதே என்பது 2008இல் இருந்தே நெறிமுறைகளின் அடிப்படை விதி. எஸ்கேப் தட்டினால் பெட்டி மூட வேண்டும். மூடியதும், அதைத் திறந்த பொத்தானுக்கே குவியம் திரும்ப வேண்டும். நிரலாளர்கள் பல வருடம் கையால் தைத்துக்கொண்டிருந்த இந்த வேலையை, 2022 முதல் எல்லாப் பெரிய உலாவிகளிலும் உள்ள டயலாக் என்ற எச்டிஎம்எல் குறிச்சொல் தானே செய்துவிடுகிறது.

திறந்த பொத்தானே இல்லாமல் போய்விட்டால்? அஞ்சல் பட்டியலில் ஐந்து கடிதங்கள். மூன்றாவதன் பக்கத்தில் உள்ள ‘அழி’ பொத்தானைத் தட்டுகிறீர்கள். கடிதத்தோடு பொத்தானும் மறைகிறது. குவியம் நின்ற தரையே இல்லை. அப்படியே விட்டுவிட்டால் அது பிடியற்றுப் பக்கத்தின் மொத்த உடலில் போய் விழும். அடுத்த டேப்புக்கு எங்கிருந்து தொடங்கும் என்பது உலாவிக்கு உலாவி மாறும், திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். இதற்கு எந்தக் குறிச்சொல்லும் தானாக உதவாது, வடிவமைப்பாளர்தான் யோசித்தாக வேண்டும். நல்ல தளங்களில் குவியம் நான்காவது கடிதத்தின் ‘அழி’ பொத்தானுக்குப் போகும். அழித்தது கடைசிக் கடிதம் என்றால் அதற்கு முந்தையதற்கு. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், பட்டியலின் தலைப்புக்கு -1 கொடுத்துக் குவியத்தை அங்கே அனுப்பி, ‘கடிதம் எதுவும் இல்லை’ என்று திரைவாசிப்பானைச் சொல்ல வைக்கிறார்கள்.